கடைக் கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. ஆகவே சாலையைப் பார்த்த கடை ஒன்று கிழக்கு வாசல், இல்லாவிட்டால் மேற்கு வாசல். மேற்கு வாசல்காரருக்குப் பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பலகைக் கதவும் கீற்றுத் தட்டியுமாக இருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்தது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை ஓடத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. ஜனம் பெருகியது, கடைகளும் கண்ணாடி முகப்புக்கு மாறின.

மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில், கண்ணாடிக்குப் பின்னால் சரக்கு என்ன பாடு படுகிறது என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வெளிச்சத்தில் நிறம் இழக்கும். வெள்ளை பாட்டிலில் வைத்த எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளின் சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும். உள்ளே சரக்கு நன்றாக இருந்தாலும் வெளுத்த பாக்கெட்டை வாடிக்கையாளர் கையில் எடுப்பதில்லை, கம்பெனி ஏஜெண்டும் எளிதில் திருப்பி எடுப்பதில்லை. நஷ்டம் முழுவதும் கடைக்காரர் தலையில்தான்.

இதற்குத்தான் கூலிங் பேப்பர் என்றும் சன் பிலிம் என்றும் நாம் சொல்கிற படலத்தை ஒட்டுகிறோம். பேர்தான் பேப்பர், அது பாலியஸ்டர் தாள். சாயம் ஏற்றியோ, உலோகத்தை மெல்லிய பூச்சாகப் படிய வைத்தோ, அல்லது வெப்பத்தைத் தடுக்கும் நுண்துகள்களைச் சேர்த்தோ செய்கிறார்கள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் தாங்கும் பூச்சு. கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் சாதாரணமாக ஒட்டுவது.

எவ்வளவு கருப்போ அவ்வளவு குளிர்ச்சி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது சரியல்ல. சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாயப் படலம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் அதிகம் குறைக்கும். கடை இருண்டு போகும், வெப்பமோ போதுமான அளவு குறையாது. சில வருடத்தில் சாயம் வெளிறி ஊதா நிறத்துக்கு மாறிவிடும். தரமான வெளிர் படலம் அதைவிட வெப்பத்தை அதிகம் தடுப்பதும் உண்டு.

அடுத்தது விளக்கு வித்தை. விற்பனைக்கு வருபவர் ஒரு பெட்டியைத் திறந்து சிவப்பு விளக்கைப் போடுவார். கையை நீட்டச் சொல்வார். நடுவில் படலம் வைத்ததும் சூடே இருக்காது, நமக்கும் மலைப்பாக இருக்கும். அந்த விளக்கு கொடுப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயிலில் அது பாதிதான். "தொண்ணூறு சதவீதம் தடுக்கும்" என்று அவர் சொல்வது அந்தப் பாதியில் தொண்ணூறு. சில சமயம் அகச்சிவப்பிலும் ஒரு பகுதியை மட்டும் அளந்து சொல்வார்கள். தராசில் எடைக்கல்லைப் பார்க்காமல் நாம் சரக்கு வாங்குவதுண்டா?

கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர். என்பது, அதாவது மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்ற கணக்கு. அது கம்பெனியின் அச்சிட்ட விவரத்தாளில் இருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எண் கண்ணாடியும் படலமும் சேர்ந்து தடுப்பது. 6 மி.மீ. வெறும் கண்ணாடியே ஏறக்குறைய 18 சதவீதத்தைத் தடுத்துவிடும். ஆகவே தாளில் 50 என்றிருந்தால் படலத்தின் சொந்தச் சம்பாத்தியம் 32 அளவுதான். கொடுக்கும் பணம் இந்த 32-க்கு என்று வைத்துப் பேரம் பேசுங்கள்.

அதே தாளில் வி.எல்.டி. என்று இன்னொரு எண் இருக்கும். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது அது. மளிகைக் கடைக்கு இது 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே நம் சரக்கைப் பார்க்க வேண்டும். பகலில் கண்ணாடி பளபளவென்று முகம் காட்டினால் கடை மூடியிருக்கிறது என்று போய்விடுவார். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: முகம் காட்டும் படலம் பகலில்தான் மறைக்கும். இரவு உள்ளே விளக்குப் போட்டால் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும், திரைச்சீலை வேண்டும்.

புற ஊதாக் கதிரில் 99 சதவீதம் தடுக்கும் என்று சொல்வது நல்ல படலங்களுக்கு உண்மையே. ஆனால் நிறம் வெளுப்பதற்குச் சாதாரண வெளிச்சமும் சூடும்கூடக் காரணம். வெளுப்பது தாமதமாகும், நின்றுவிடாது. எண்ணெயையும் மசாலாவையும் கண்ணாடி ஓரத்திலிருந்து எடுத்துவிட்டு அங்கே பிளாஸ்டிக் குடமோ துடைப்பமோ வையுங்கள்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலை மாதிரிக் கிழக்கு மேற்காகப் போகும் சாலையில் கடை இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அங்கே வாசல் வடக்கு அல்லது தெற்கு. நம் பக்கத்தில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும் உச்சிப் பொழுதில் உயரத்தில்தான் நிற்கும். மூன்றடி சன்ஷேடு பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். மேற்கு வெயில் தாழ்வாக வருவது, சன்ஷேடுக்குக் கட்டுப்படாது. கிழக்கு வாசல்காரர் காலையில் பாதி ஷட்டரை இறக்கி வைத்தாலே போதும், செலவில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் வெப்பம் தடுக்கும் பூச்சுடன் வரும் கண்ணாடியையே விசாரிக்கலாம்.

கண்ணாடி வெடிப்பதைப் பற்றி விற்பவர் சொல்ல மாட்டார். கருப்புப் படலம் வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். நடுவில் சூடும் ஓரத்தில் நிழலுமாக இருந்தால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடலாம். கம்பி வலைக் கண்ணாடி, நிறக் கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி இவற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். டஃபன்டு கண்ணாடி தாங்கும். அட்டைப் பெட்டிகளைக் கண்ணாடியோடு ஒட்டி அடுக்குவதும், பாதிக் கண்ணாடியில் போஸ்டர் ஒட்டுவதும் இதே வேலையைச் செய்யும். அரை அடி இடைவெளி விடுங்கள். உடைந்தாலும் துண்டுகள் சிதறக் கூடாது என்பவர்களுக்கு 100 மைக்ரான் பாதுகாப்புப் படலம் தனியாகக் கிடைக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது கண்ணாடி பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது உடைவதைத் தடுக்காது, துண்டுகளைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

காருக்குப் படலம் ஒட்டக் கூடாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, கடைக்கும் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அது மோட்டார் வாகன விதியைப் பற்றிய தீர்ப்பு. கடைக் கண்ணாடிக்கு அது பொருந்தாது.

ஒட்டும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். லாரிப் புழுதி ஒரு துகள் உள்ளே போனாலும் கடைசிவரை புள்ளியாகத் தெரியும். ஒட்டியபின் நீர்க் கொப்புளமும் மங்கலும் தெரிந்தால் பதற வேண்டாம், சில வாரத்தில் உலர்ந்துவிடும். ஒரு மாதம் துடைக்காதீர்கள். பிறகு மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர் போதும். அம்மோனியா கலந்த திரவம், பாத்திரம் தேய்க்கும் நார், பழைய நியூஸ் பேப்பர் எதுவும் கூடாது. கம்பெனி ஏஜெண்டுகள் செல்லோ டேப்பில் விளம்பரம் ஒட்ட வந்தால் வெளிப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டைச் சட்டத்தில் வைக்கலாம். படலத்தில் வைத்தால் அப்புறம் சுரண்ட வேண்டிவரும்.

ஊதாவாகிப் போன பழைய படலத்தின் மேலேயே புதிதை ஒட்டித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயில் படும் நேரத்தில் சில மணி ஊறவிட்டால் மூலையிலிருந்து உரிந்து வரும். மிச்சப் பசையைக் கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே புது பிளேடால் ஒரே திசையில் எடுக்க வேண்டும்.