வழுக்காத தரை

கடையில் அடுக்கி வைத்திருக்கும் தரை ஓடுகளில் நம் கண் முதலில் பளபளப்பான ஓட்டைத்தான் நாடும். ஆனால், கடையில் அந்த ஓடு காய்ந்திருக்கிறது. குளியலறையில் அதன்மேல் தண்ணீரும் சவர்க்கார நுரையும் படிந்திருக்கும்.

தெம்பனிஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் பல, 1980களில் எழுந்தவை. இளம் வயதில் அங்குக் குடியேறியவர்கள் பலர் இப்போது தாத்தா, பாட்டி ஆகிவிட்டனர். முதுமையில் எலும்புகள் வலுவிழப்பதால், ஒரு முறை வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியக்கூடும். ஆகவே, பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது ஓட்டின் அழகோடு அதன் தன்மையையும் அறிந்துகொள்வது அவசியம்.

ஓடு எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க ஒரு சோதனை உண்டு. ஓடு பதித்த பலகையில் எண்ணெய் தடவி, அதன்மேல் ஒருவரை நடக்கவிட்டு, பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். அவர் எந்தச் சாய்வில் வழுக்குகிறாரோ அதற்கேற்ப ஓட்டுக்கு ‘ஆர் 9’ முதல் ‘ஆர் 13’ வரை தரக்குறியீடு வழங்கப்படும். எண் கூடக்கூடப் பிடிமானமும் கூடும். வீட்டுக் குளியலறைத் தரைக்கு ‘ஆர் 10’ அல்லது ‘ஆர் 11’ ஏற்றது. அதைவிடச் சொரசொரப்பான ஓட்டில் அழுக்கு எளிதில் தங்கிவிடும்; தேய்த்துக் கழுவுவதும் கடினம். பளபளப்பான ஓடுகளைச் சுவரில் பதிக்கலாம்.

அடுத்து, ஓடு உறிஞ்சும் நீரின் அளவைப் பார்க்க வேண்டும். போர்சலின் ஓடு தன் எடையில் 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவான நீரையே உறிஞ்சும். சாதாரணப் பீங்கான் ஓடு அதைவிட அதிகமாக உறிஞ்சும். எனவே, எப்போதும் ஈரமாக இருக்கும் தரைக்குப் போர்சலின் பொருத்தமானது.

குளிக்கும் இடத்தில் சிறிய ஓடுகளைப் பதிப்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் வடியத் தரை சற்றுச் சாய்வாக இருக்க வேண்டும். சிறிய ஓடுகள் அந்தச் சாய்வோடு நன்கு பொருந்தும். அவற்றுக்கு இடையே உள்ள பல இணைப்புக் கோடுகள் காலுக்குப் பிடிமானம் தரும்.

ஓடுகளுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கிறது. அது சேதமடைந்தால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசியும். புதிய வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்த்தெடுக்க அனுமதி இல்லாததற்கு இதுவே காரணம்.

எத்தனை ஓடுகள் வாங்குவது? 3 சதுர மீட்டர் தரைக்கு, 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர ஓடுகள் 34 தேவை. வெட்டும்போது சில உடையலாம் என்பதால், 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்த்து 38 வாங்கலாம்.

எல்லாரும் தரையைப் பெயர்த்து மாற்ற வேண்டியதில்லை. 2012இல் தொடங்கப்பட்ட ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், மூத்தோர் வாழும் வீவக வீடுகளின் குளியலறைத் தரைக்கு வழுக்கலைக் குறைக்கும் பூச்சும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும் அரசாங்கக் கழிவுடன் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக் குளியலறைத் தரை ஈரமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை இன்றே கவனியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.