டிஃபெண்டர்: வேகமா, மைலேஜா?

கார்களைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, “மைலேஜ் எவ்வளவுண்ணே?” என்றுதான். லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் அது எஞ்சினைப் பொறுத்தது.

பி400 பெட்ரோலுக்கு 400 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டி300 டீசலுக்குக் குதிரைத்திறன் 300தான்; முறுக்குவிசையோ 650. சேற்றிலும் செங்குத்து மேட்டிலும் வண்டியை நகர்த்துவது முறுக்குவிசைதான். டீசல் அதைக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடும், எரிபொருளும் மிச்சம்.

4.4 லிட்டர் வி8 பூட்டிய டிஃபெண்டர் ஆக்டாவுக்கு 635 குதிரைத்திறன். மிதித்தால் சுமார் 4 விநாடியில் 100 கி.மீ. வேகம்! ஆனால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையைக் கிளப்பவும், பெட்டி போன்ற உடம்பால் காற்றைத் தள்ளவும் பெட்ரோல் கரையும். காடு மேடு சுற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது டீசல்தான். ஆக்டா, பெட்ரோல் பில்லைப் பார்க்காதவர்களுக்கு.