கொடுக்கில் நிற்கும் தீவனம்

சேற்று நண்டுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் பசி. அந்த நேரம் பார்த்துப் பண்ணையில் நறுக்கிய மீனை வீசுகிறார்கள். பெரும்பாலும் அது சங்காயம். விசைப்படகின் மடியில் பெரிய மீன்களோடு சேர்ந்து ஏறிவிடும் பொடி மீன். வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய குஞ்சுகளும் அதில் கிடக்கும். ஒரு கிலோ நண்டு தேறுவதற்குள் பல கிலோ மீன் குளத்துக்குள் போய்விடுகிறது. தின்னாமல் விட்டது அடியில் அழுகி அமோனியாவைக் கூட்டுகிறது. பச்சை இரையோடு வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் வந்து சேரும் ஆபத்தும் உண்டு. கடலைச் சுரண்டிக் குளத்தில் கொட்டுவதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறால் தீவனம்தான் கடையில் கிடைக்கிறதே, அதையே போட்டால் என்ன? நண்டு சாப்பிடும் விதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. குட்டை உணர்கொம்பாலும் கால் நுனியாலும் முதலில் மணத்தையும் ருசியையும் அறிகிறது. இரையைக் கொடுக்கால் கவ்வி வாய்க்குக் கொண்டுபோகிறது. தாடையால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கொடுக்கால் வெளியே இழுத்துக் கிழிக்கிறது. மீன் தசை என்றால் நார் நாராகக் கிழியும். தீவனக் குச்சியோ பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த தூள் வாய்க்குள் போகாது, தண்ணீரைத்தான் கெடுக்கும். வளர்ந்த நண்டின் கொடுக்குக்கு இறால் தீவனத்தின் பொடிக் குச்சி பிடிபடவும் செய்யாது.

அதனால் குச்சி பெரிதாக இருக்க வேண்டும், நெடுநேரம் தண்ணீரில் கரையாமலும் நிற்க வேண்டும். கோதுமைப் பசையம், கொத்தவரைக் கோந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஆகியவை பிணைப்புக்கு உதவும். ஆனால் இறுக்கம் கூடினால் மணம் கசியாது. நண்டு திரும்பியும் பார்க்காது. இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான் கணவாய்த் தூள் போன்ற மணமூட்டிகளைச் சேர்க்கிறார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தீவனத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதோடு அதை எந்த வடிவில் கொடுப்பது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சரியான இடத்தில் கைவைத்த ஆராய்ச்சி இது.

சத்துக் கணக்கு ஓரளவு தெளிவாகிவிட்டது. பிலிப்பைன்ஸில் இளம் நண்டுகளை வைத்துச் செய்த சோதனையில் 32 முதல் 40 சதவீதப் புரதம் நல்ல வளர்ச்சி தந்தது. கொலஸ்ட்ராலை நண்டின் உடல் தானாகத் தயாரிக்காது, இரையிலிருந்துதான் பெற வேண்டும். ஓடு கழற்றத் தூண்டும் ஹார்மோனுக்கு மூலப்பொருளே அதுதான். ஓடு கழற்றாமல் நண்டு வளராது. தீவனத்தில் கொலஸ்ட்ரால் சுமார் அரை சதவீதம் இருந்தால் போதும், ஒரு சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி குன்றுகிறது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. மீனும் சிப்பியும் தின்னும் இந்தப் பிராணி, சோயா மாவையும் நன்றாகவே செரிக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீன் தூளைக் குவித்துக் குச்சி செய்தால் சங்காயம் வேறு வேடத்தில் குளத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். பயறும் புண்ணாக்கும் அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பினால்தான் கடலுக்கு உண்மையான மிச்சம்.

குஞ்சுப் பருவம் தனிச் சிக்கல். சோயியா எனப்படும் ஐந்து லார்வா நிலைகளைக் கடக்கும் வரை, மிதக்கும் புள்ளி போன்ற அந்த உயிருக்குப் பொரிப்பகத்தில் ரோட்டிபரும் ஆர்ட்டீமியாவும்தான் உயிரோடு கொடுக்கப்படுகின்றன. ஆராய்ச்சிப் பணத்தை நான் முதலில் அங்கே போடமாட்டேன். மீன் மூட்டை மூட்டையாகப் போவது வளர்ப்புக் குளத்துக்குத்தான். சந்தைக்கு வரும் தீவனமும் முதலில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.