9 மில்லி நொடி வாழற அணுக்கருவுக்கு டேப் பிடிக்கிறது எப்படி?

இந்த வாரம் செஞ்சியில, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். எதிர்ல ராஜகிரி. நடுவுல காத்து சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

போன எபிசோடுல ஒரு தப்பு பண்ணிட்டேன். "அணுக்கருவோட சைஸ்தானே? நிறை எண்ணோட கனமூலத்தை எடுத்து 1.2 ஃபெர்மியால பெருக்குங்க, முடிஞ்சது"ன்னு சொன்னேன். (ஒரு ஃபெர்மின்னா மில்லிமீட்டர்ல லட்சம் கோடியில ஒரு பங்கு.) நிலையான கருக்களுக்கு இது நல்லாவே ஓடும். லித்தியம்-11 கிட்ட வந்தா ஃபெயில்.

3 புரோட்டான், 8 நியூட்ரான். அரை ஆயுள் 9 மில்லி நொடிக்கும் கொஞ்சம் கம்மி. பழைய முறையில ஒரு பொருளை இலக்கா வச்சு அது மேல எலக்ட்ரானைச் சுடுவாங்க. இங்க இலக்கு செய்யறதுக்குள்ள சரக்கே காலி. அதனால ஆட்டத்தைத் திருப்பிப் போட்டாங்க: அளக்க வேண்டிய கருவையே தோட்டாவா ஆக்கினாங்க.

1985-ல இசாவோ தனிஹாட்டாவோட குழு, அமெரிக்காவில பெர்க்லியில இருந்த பெவலாக் முடுக்கியில இதைச் செஞ்சது. பெரிய கருக்களை மோதி உடைச்சு, சிதறின துண்டுகள்ல லித்தியத்தைக் காந்தம் வச்சுப் பிரிச்சு எடுத்தாங்க. வேகம் ஒளியில 80 சதவீதத்துக்கும் மேல. அந்த வேகத்துல செஞ்சியில கிளம்பினா அரை ஆயுள் முடியறதுக்குள்ள டெல்லியைத் தாண்டிடும்! லேப்ல போக வேண்டியது சில மீட்டர்தான். வழியில பெரிலியம், கார்பன், அலுமினியம்னு மெல்லிசான தடுப்பு. எத்தனை உள்ள போச்சு, எத்தனை உடையாம வெளிய வந்துச்சுன்னு எண்ணணும். அவ்ளோதான்.

கண்ணைக் கட்டிக்கிட்டு தோப்புக்குள்ள ஓடற மாதிரி யோசிங்க. ஒல்லியான ஆள் தப்பிச்சு வந்துடுவான். கையை விரிச்சுட்டு ஓடறவன் மரத்துல இடிச்சுப்பான்.

லித்தியம்-9-க்கு 2.4 ஃபெர்மி வந்துச்சு. ஃபார்முலாப்படி லித்தியம்-11 அதைவிட 7 சதவீதம் பெருசா இருக்கணும். வந்தது கிட்டத்தட்ட 3.3, அதாவது 30 சதவீதத்துக்கும் மேல. கடைசி ரெண்டு நியூட்ரான் கருவை விட்டு ரொம்ப தள்ளி உலாவுது. இதுக்குத்தான் பின்னாடி 'ஹேலோ'ன்னு பேர் வந்துச்சு.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. சோதனை கொடுக்கிறது மோதல் எண்ணிக்கை மட்டும். அதை ஆரமா மாத்தறது ராய் கிளாபரோட மாடல். வழக்கமான கணக்குல கருவை ஒரு சராசரி மேகமா, எல்லா நேரமும் மங்கலா பரவின குண்டு மனுஷனா வச்சிருந்தாங்க. 1996-ல ஜிம் அல்-கலீலியும் (பிபிசியில பார்த்திருப்பீங்களே, அவரேதான்) ஜெஃப் டாஸ்டெவினும் கேட்டாங்க: கையை விரிச்சு ஓடறவன் சில சமயம் முன்னும் பின்னும் நீட்டி ஓடினா? அப்போ ஒல்லி ஆள் மாதிரியே தப்பிச்சுடுவானே! அப்படித் தப்பிச்சும் இவ்வளவு மோதல் நடந்திருக்குன்னா, கை நாம நினைச்சதைவிட நீளம். புது பீம் எதுவும் ஓட்டலை, பழைய டேட்டாதான். ஆரம் சுமார் 3.5 ஃபெர்மி ஆயிடுச்சு. ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமை நம்பித் தூங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்து எழுந்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. செஞ்சிக் கோட்டை எவ்வளவு பெருசுன்னு கேட்டா, ராஜகிரி உச்சியைச் சொல்றதா, மூணு மலையையும் சேர்த்து ஓடற மதிலைச் சொல்றதா? கருவுலயும் புரோட்டான் பரவல் வேற, மொத்தப் பரவல் வேற. கனடாவில வேலை பார்க்கிற இயற்பியலாளர் ரிதுபர்ணா கனுங்கோவோட குழு, ஜெர்மனியில இருக்கிற ஜி.எஸ்.ஐ. முடுக்கியில கார்பன்-12 முதல் 19 வரைக்கும் புரோட்டான் ஆரத்தை அளந்து 2016-ல வெளியிட்டாங்க. அங்கயும் எண்றதுதான், ஆனா புரோட்டானை இழந்த கருக்களை மட்டும். கார்பன்-19-ல புரோட்டான் எல்லாம் உள்ளேயே கச்சிதமா இருக்கு, கடைசி நியூட்ரான் மட்டும் மதில் ஓரம்.

போன எபிசோடோட ஷோ நோட்ஸ்ல அந்த ஃபார்முலா பக்கத்துல 'நிலையான கருக்களுக்கு'ன்னு சேர்த்துட்டேன். மன்னிச்சுடுங்க.