இரண்டு ஜாடி, ஒரே நிறம்

போன குளிர்காலம், வீட்டிலேயே பாஸ்ட்ராமி செய்து பார்க்கலாம்னு ஒரு ஆசை. அதுக்காக ஆன்லைனில் ‘பிராக் பவுடர் நம்பர் 1’ வாங்கினேன். இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பு. 93.75 சதவீதம் சாதா உப்பு, மீதி 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட். பாக்கெட் கிழிஞ்சதால் ஒரு பழைய ஜாடியில் கொட்டி வைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. பக்கத்து ஜாடியில் இந்துப்பு. இரண்டும் இளஞ்சிவப்பு.

எங்க வீட்டுக்கு வந்திருந்த அம்மா, ரசம் கொதிக்கும்போது கேட்டாங்க: “என்னடா, இந்துப்பு இவ்வளவு நைஸா இருக்கு?” கையில் ஸ்பூன். என் மூணு வயசு மகளுக்கும் அதே ரசம்தான்.

ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு கிலோ இறைச்சிக்கே இந்தப் பொடி 2.5 கிராம்தான், அதில் நைட்ரைட் சுமார் 156 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம், அதாவது 375 மில்லிகிராம். எல்லாம் ஒரு சின்னப் பாத்திர ரசத்தில்! வெள்ளை உப்போடு குழம்பக் கூடாதுன்னுதான் இதுக்குச் சாயம் ஏத்துறாங்க. இந்துப்பு இருக்கும் நம்ம சமையலறையில் அந்தச் சாயமே வினை.

நைட்ரைட் அதிகமானால் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மாறிப்போய், ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் ஆகிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும்; தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அந்தப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்க. மெத்திலீன் புளூ என்ற மாற்று மருந்து இருக்கு, ஆனால் காரணம் தெரிந்தால்தான் டாக்டர் அதைச் சீக்கிரம் கொடுக்க முடியும்.

சரி, நைட்ரைட்டே வேண்டாம்னு விட்டுடலாமா? நாள்கணக்கில் ஊறவைத்துப் புகைபோடும் இறைச்சியில் பொட்டுலிசம் கிருமியைத் தடுப்பதே அதுதான். பாட்டி உப்புக்கண்டம் போட்டப்போ உப்பு, மஞ்சள் தவிர வேறெதுவும் கிடையாது. ஆனால் கறியைக் கட்டையாகக் காயவைக்க ஊர் வெயில் இருந்தது. டொராண்டோ பேஸ்மென்டில் அது ஏது?

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒண்ணு சொல்லணும். அங்கே கடையில் கிடைக்கும் பொக்கெல்சால்ஸில் நைட்ரைட் சுமார் அரை சதவீதம்தான். செய்முறையில் வரும் மொத்த உப்புக்கும் பதிலாக அதையே போடுவாங்க. அந்த அளவில் பிராக் பவுடரைப் போட்டால் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். ஸ்பூனை நம்பாதீங்க, 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்க.

பாஸ்ட்ராமி நல்லாவே வந்தது. பொடி இப்போ காராஜில், ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள்ளே, பூட்டில். அம்மா மட்டும் இன்னும் எங்க வீட்டு உப்பை முகர்ந்து பார்த்துட்டுத்தான் போடுறாங்க.