அறுவைக்கு நாள் குறிக்கும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

"எத்தனை யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யணும் டாக்டர்?" மூட்டு மாற்று, கர்ப்பப்பை அகற்றுதல் என்று முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவைகளில் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இவருக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு, குறைவாக இருந்தால் ஏன்?"

இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் 'நோயாளி ரத்த மேலாண்மை'. இதை நடைமுறைப்படுத்தும்படி உலக சுகாதார சபை 2010-லேயே உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

லேசான சோகையும் ஆபத்தா?

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் அது ரத்தசோகை. இதயம் சாராத பெரிய அறுவை செய்துகொண்ட 2,27,425 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2011-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன்பே சோகை இருந்தது. சோகை லேசாக இருந்தவர்களிடம்கூட 30 நாள்களுக்குள் இறப்பும் சிக்கல்களும் கூடுதலாகவே காணப்பட்டன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வதால், இங்கே இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம்.

என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, சோகைக்குக் காரணம் கண்டு சரிசெய்வது. அதிக மாதவிடாய், மூலம், குடற்புண், சிறுநீரக நோய், சில சமயம் குடல் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனை இரும்புச்சத்துக் குறைவைக் காட்டிக்கொடுக்கும். வாரக்கணக்கில் நேரமிருந்தால் மாத்திரை போதும். நேரம் குறைவு என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம்.

இரண்டாவது, ரத்தம் வீணாகாமல் பார்ப்பது. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தடுமாறும் என்பதால் நோயாளியைக் கதகதப்பாக வைக்கிறார்கள். ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் விலை குறைந்த பழைய மருந்து. 9,535 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களின் பங்கை இது 11.7-இலிருந்து 9.1 சதவீதமாகக் குறைத்தது.

மூன்றாவது, தேவைக்கு மேல் ஏற்றாமலிருப்பது. 10 கிராமுக்குக் கீழே போனால் ஏற்றிவிடு என்ற வழக்கம் 1940-களில் வேரூன்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் கனடாவில் நடந்த 1999 ஆய்வு அதை அசைத்தது. ரத்தப்போக்கு இல்லாமல் நிலையாக இருக்கும் பெரும்பாலோருக்கு 7 வரை காத்திருக்கலாம். இதய நோயாளிகளுக்கும் எலும்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் 8. ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம் கூடும். ஆகவே ஒன்றை ஏற்றி, மறுபடி பார்த்து, அதன் பிறகே அடுத்ததை முடிவுசெய்கிறார்கள்.

பலன் தெரிந்ததா?

மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2008-இல் இந்த முறையை மாநில அளவில் கொண்டுவந்தது. நான்கு பெரிய மருத்துவமனைகளின் 6,05,046 நோயாளிகளை 2014 வரை கவனித்தார்கள். ஏற்றப்பட்ட ரத்தப் பொருள்களின் அளவு 41 சதவீதம் குறைந்தது. மருத்துவமனை இறப்புக்கான வாய்ப்பும் 28 சதவீதம் குறைந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், இறப்பு குறைந்த பெருமை முழுவதையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது.

ஒவ்வொரு படியும் தனித்தனியே பலன் தரும் என்றும் சொல்ல முடியாது. பெரிய வயிற்று அறுவைக்கு முன் நரம்பு வழி இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2020-இல் வெளியானது. ரத்தம் ஏற்றும் தேவையையோ இறப்பையோ அது குறைக்கவில்லை. சோகைக்கான காரணத்தை முன்கூட்டியே தேடுவது, அறுவை அரங்கில் சிக்கனம், ஏற்றுவதில் நிதானம் மூன்றும் சேர்ந்ததுதான் இந்த முறை.

நாம் செய்ய வேண்டியது

அறுவை பேச்சு தொடங்கியதுமே, முடிந்தால் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். விபத்து, பிரசவ ரத்தப்போக்கு, புற்றுநோய் அறுவை போன்றவற்றில் காத்திருக்க முடியாது. ரத்தப்போக்கு கடுமையாக இருந்தால் ரத்தம் ஏற்றுவதே அங்கே உயிர் காக்கும். தள்ளிப்போட முடிகிற அறுவையில் சோகை தெரியவந்தால், நாளைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.