ஆச்சி சொன்ன சொற்களும் ஒற்றைச் சாளரமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கணிப்பொறியில் எழுத எத்தனையோ நிரல்கள் இருக்க, எழுத்தைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு நிரலைத் தேடி நான் ஒரு மாதம் அலைந்தேன் என்றால் தோழர்கள் நகைக்கக்கூடும். காரணத்தைக் கேட்டுவிட்டு நகையுங்கள்.

எங்கள் வீட்டிற்குள் முதன்முதலாகக் கணிப்பொறி நுழைந்தது 2013-இல். பன்னிரண்டாம் வகுப்பு படித்த அக்காவுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. அந்த விடுமுறையில் அக்கா ஒரு நல்ல காரியம் செய்தாள். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் காலமெல்லாம் நடவு நட்ட எங்கள் ஆச்சியை உட்கார வைத்து, கார், பிசானம் ஆகிய இரு பூக்களுக்கும் வழங்கும் வயற்சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்தாள். ஆச்சி 2019-இல் காலமானார். அக்கா மணமாகிச் சென்றபின் கணினி என் கைக்கு வந்தது. விண்டோஸ் பழுதாகிவிட, மூத்த மாணவர் ஒருவர் இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். ஆவலோடு கோப்பைத் திறந்தேன். ஆச்சியைக் காணோம்! பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

நடந்தது இதுதான். அக்கா தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். அதில் கணினி சேமிப்பது தமிழ் அன்று, ஆங்கில எழுத்துகளே. 'அம்மா' என்பது உள்ளே சிறிய எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் பூட்டும். எழுத்துரு போனால் வேடமும் போயிற்று. யுனிகோடில் அப்படியில்லை, தமிழ் எழுத்துக்கே தனி எண் உண்டு. 'தாமிரபரணி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 9 குறியீடு. கோப்பில் 27 பைட்.

பாமினியை மீண்டும் நிறுவினால் தீராதா? கண்ணுக்குத் தீரும். ஆனால் ஒரு சொல்லைத் தமிழில் தேட முடியாது. அக்காவின் செல்பேசிக்கு அனுப்பினால் அங்கும் ஆங்கிலமே தெரியும். ஆகவே யுனிகோடுக்கு மாற்ற எண்ணினேன். அங்கேதான் தவறு செய்தேன். ஆவணம் எழுதும் பெரிய நிரலிலேயே ஒட்டிக்கிடந்த வரிகளைப் பிரித்துத் திரும்ப அடித்தேன். அந்நிரலோ நமக்கு உதவுவதாக எண்ணி, வரியின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டது. பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. அம்மா, 'ஆம்மா' ஆனாள்! நான் அறியாமல் அப்படியே சேமித்தும்விட்டேன்.

தானாக ஒன்றும் செய்யாத நிரலே வேண்டும் என்று அன்று தெளிந்தேன். 'விஐ' 1976-இல் பில் ஜாய் படைத்த புகழ்பெற்ற நிரல். அதிலிருந்து வெளியேறும் வழி தெரியாமல் கணினியையே அணைத்தேன். 'நானோ' எளிது, ஆனால் கருந்திரை முனையத்தில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 'ஜிஎடிட்' தமிழை அழகாகக் காட்டியது. கோப்புகளையோ ஒரே சாளரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. எனக்குப் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். கடைசியில் கிடைத்தது 'லீப்பேட்'. ஒரு கோப்பு, ஒரு சாளரம், சிறு பட்டி, அவ்வளவே. அது பழையதாகிப் பல லினக்ஸ் தொகுப்புகளிலிருந்து மறைந்துவிட்டதால், அதையே புதுப்பித்து, பெயரில் ஓர் எழுத்துக்குப் பதில் 3 என்ற எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் நிறுவினேன்.

இரு சாளரங்களைத் திறந்து, 'தேடி மாற்று' என்னும் ஒரே கருவியால் வேலை தொடங்கினேன். இதில் வரிசை முக்கியம். பாமினியில் 'நெல்' என்பதற்குக் கொம்பு முன்னே, 'ந' பின்னே. யுனிகோடில் மெய் முன்னே, கொம்பு பின்னே. எனவே 'கோ', 'நெ' போன்ற கூட்டுகளை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைப் பின்னர் மாற்ற வேண்டும். முறை மாறினால் கொம்பு அனாதையாகத் தொங்கும். (தானாக மாற்றித் தரும் நிரல்களும் உண்டு. ஆனால் நான் கெடுத்து வைத்த வரிகளை அவை எப்படி அறியும்?)

மூன்றாம் நாள் இரவு, 'ஒரு கோட்டைக்கு 21 மரக்கால்' என்ற வரி தமிழாக எழுந்து நின்றது. ஆச்சியின் குரலே கேட்டதுபோல் இருந்தது. நான்கு சொற்களில் மட்டும் முதலெழுத்து அகரமா ஆகாரமா என்ற ஐயம் நீங்கவில்லை. அவற்றுள் ஒன்று 'அரி'யா, 'ஆரி'யா? பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அரிதாம்ல. கதிர அறுத்துக் கையளவு கையளவாப் போடுவோம்லா, அதான் அரி. இதுகூடத் தெரியாமலா காலேஜுல படிக்க?" என்றாள்.